ஏழாம் நம்பர் ஆசாமி

"ஏழாம் நம்பர் ஆசாமியைக் கண்டுபிடிச்சுக் குடுங்க மேடம். இன்னிக்கு மூணு மணிக்குள்ள."

தையல்காரர் இதைச் சொன்னபோது நான் அவருக்கு டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் நிரம்பி, மேஜை நனைந்து, அவருடைய கால்சட்டையும் நனைந்த பிறகுதான் கையை நிறுத்தினேன்.

அந்த ஏழாம் நம்பர் ஆசாமி நான்தான்.

உங்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேடத்திடம் சொல்ல எனக்கு மத்தியானம் வரை பிடித்தது. அதுவும் நானாகச் சொல்லவில்லை.

மேடம் என்றால் செக்கர் மேடம். இருபத்திரண்டு வருடம் பஸ்களில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். மேலதிகாரியின் மைத்துனனையே டிக்கெட் இல்லாமல் பிடித்து, நடுவழியில் இறக்கிவிட்டு, அடுத்த வாரம் தானும் வேலையை விட்டு இறங்கிக்கொண்டார். இப்போது ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் எங்கள் துப்பறியும் அலுவலகம். கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும். நான் உதவியாளன். துக்க வீட்டில்கூட ஜோக்கடித்து அடி வாங்கியவன் என்பதால் மேடம் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஓட்டைவாய். என் அம்மாவும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் மேடம், மேஜையைத் துணியால் துடைத்தபடி.

"என் சம்சாரம் போக்குவரத்து ஆபீஸ்ல கிளார்க். பஸ் வசதியை மேம்படுத்த அரசாங்கம் மானியம் தருதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி அறிவிச்சாங்க. எந்த ரூட்ல எத்தனை ஜனம் ஏறி இறங்குதுன்னு எண்ணிக் காட்டணும். காட்டினா, படி தாழ்வான புது பஸ் குடுப்பாங்க. பன்னெண்டு பேரைத் தற்காலிகமா வெச்சு எண்ணினாங்க. ஆளுக்கொரு ரூட்டு, ஆறு நாள். ஆஸ்பத்திரி ரூட் ஏழாம் நம்பருக்கு."

"மானியம் வந்துதா?"

"முதல் பாதி வந்து நிழற்குடை கட்டியாச்சு. பஸ்ஸெல்லாம் ரெண்டாம் பாதியில. அதைக் குடுக்கறதுக்கு முன்னாடி தணிக்கை அதிகாரி வந்து காகிதமெல்லாம் பாத்தாரு. ஏழாம் நம்பரோட தாள் அத்தனையும் என் சம்சாரத்தோட கையெழுத்துல இருக்குன்னு சொல்லிட்டாரு. இவளே ரூமுக்குள்ள உக்காந்து பொய்யா எழுதிட்டாளாம். மூணு மணிக்கு விசாரணை. இவ வேலை போயிடும் மேடம். ஆஸ்பத்திரி பஸ்ஸும் போயிடும்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"வாயே திறக்க மாட்டேங்கறா. 'இன்னொருத்தர் பேரு இதுல இருக்கு'ன்னு மட்டும் சொல்றா. அந்த இன்னொருத்தர் யாருன்னு கேட்டா, சோறு ஆறிப்போச்சு சாப்பிடுங்கன்னு சொல்றா."

"ஆபீஸ்ல பேர் இல்லையா?"

"ஆள் அனுப்பின ஏஜென்சி மூடியாச்சு. ஆபீஸ்ல நம்பர் மட்டும்தான் இருக்கு." அவர் தொண்டையைச் செருமினார். கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை விரலில் சுற்றினார். அவசரத்தில் அதைக் கழற்றாமலே வந்திருந்தார். "உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நானே அவளைச் சந்தேகப்பட்டேன் மேடம். அந்தச் சமயத்துல ஒரு வாரம் லீவு போட்டுட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்னு தினமும் காலைல கிளம்புவா. சாயங்காலம் கால் வீங்கி வருவா. அக்கா வீடு ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கு. அதுக்கெதுக்குக் கால் வீங்கும்? ஏதோ தப்பு பண்றான்னு மனசுல வெச்சுக்கிட்டேன். இன்னிவரைக்கும் கேக்கல."

மேடம் அவர் கொண்டுவந்திருந்த ஏழாம் நம்பர் தாள்களின் ஜெராக்ஸ்களை வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் தள்ளினார். தாளின் மேல் மூலையில் 'எண்ணுபவர்: 7' என்று இருந்தது. கீழே நிறுத்தங்களின் பெயர்கள், ஏறியவர்கள், இறங்கியவர்கள். எல்லாம் அதே படிவம்தான்.

ஆனால் அது என் கையெழுத்து இல்லை.

இதுதான் எனக்கு விளங்கவில்லை. என் எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும், அதில் மட்டும் எனக்குக் கர்வம் உண்டு. இது கோணல்மாணலாக இருந்தது. அதிலும் 'பாலத்தடி' என்ற நிறுத்தத்துக்கு நேரே இருந்த எண்களுக்கெல்லாம் வால் முளைத்திருந்தது. ஜெராக்ஸ் மெஷினின் அழுக்கு என்று நினைத்தேன். அப்படியானால் நான் கொடுத்த தாள்கள் எங்கே போயின?

"திங்கக்கிழமை ஏறினவங்க இருநூத்தி பதினாலு. இறங்கினவங்க இருநூத்தி ஒம்பது. அஞ்சு பேர் எங்க போனாங்க?" மேடம் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தெரியல மேடம்," என்றேன்.

மேடம் ஒரு கணம் கூடுதலாக என்னைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்தார்.

"ஏழாம் நம்பர் ஒரு மனுஷன்தானே. ஆறு நாள் வேலை பாத்திருந்தா எங்கயாவது டீ குடிச்சிருப்பான். வா, டெப்போ கேன்டீனுக்குப் போவோம்."

போகிற வழியெல்லாம் என் மண்டைக்குள் அந்த ஆறு நாள்கள்தான் ஓடின. எங்கள் வீட்டில் கஷ்டம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் அப்படிச் செய்தேன் என்று உங்களிடம் சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்பா அப்போது வீட்டில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டு நன்றாகவே இருந்தார். முதல் நாள் காலையில் இரண்டு நடை போனேன். கூட்டத்தில் பஸ் எந்தப் பக்கம் போகிறது என்றே தெரியவில்லை, புழுக்கம், யாரோ என் தோளில் தூங்கினார்கள். பதினொரு மணிக்கு இறங்கி டெப்போ கேன்டீனுக்குள் நுழைந்தேன். ஃபேனுக்கு அடியில் மூலை மேஜை காலியாக இருந்தது. மீதி ஐந்தரை நாளை அங்கேயே எண்ணி முடித்தேன், ஒரு பஸ்ஸும் ஏறாமல்.

கடைசி நாள் போக்குவரத்து அலுவலகத்தில் தாள்களைக் கொடுக்கப் போனேன். கவுன்டரில் ஒரு அம்மா வாங்கிக்கொண்டார். நிதானமாகப் புரட்டினார்.

"பஸ்ல போய்ட்டு வந்தீங்களா தம்பி?"

"போகாம? முதுகே போச்சுக்கா!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடித்துக்கூடக் காட்டினேன்.

"முதுகைப் பாத்துக்கோங்க தம்பி," என்றார் அந்த அம்மா. அந்த அம்மாவின் கணவர்தான் காலையில் எங்கள் அலுவலகத்தில் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர்.

டெப்போ கேன்டீன் மாறவே இல்லை. அதே மூலை மேஜை, அதே ஃபேன். நான் மேடத்தின் குடைக்குப் பின்னால் முடிந்தவரை ஒளிந்துகொண்டு உட்கார்ந்தேன். அப்போது எனக்குத் தாடி இருந்தது, இப்போது இல்லை. அந்தத் தாடியை நம்பித்தான் உள்ளே நுழைந்தேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பஸ்ல ஆள் எண்ண வந்தாங்களே, ஞாபகம் இருக்கா?" மேடம் கேட்டார்.

"இல்லாம என்ன!" கேன்டீன்காரர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டார். "கையில அட்டை, கழுத்துல நம்பர். பதினோரு பேர் வெந்து நொந்து வருவாங்க. ஒருத்தன் மட்டும் காலைல இங்க வந்து உக்காந்தா மாலைலதான் எந்திரிப்பான். அந்த மூலைல."

"என்ன பண்ணுவான்?"

"எழுதுவான். அழகா எழுதுவான். எழுதிட்டு, கூட்டிப் பாத்து, சரியா வரலைன்னா ரப்பர் வெச்சு அழிச்சுட்டுத் திரும்ப எழுதுவான். ஏதோ பரிட்சைக்குப் படிக்கிற புள்ளைன்னு நெனைச்சேன். ஒரு நாள் பாத்தா நம்பர் பட்டி தொங்குது. ஏழு. அட நாதாரின்னு நெனைச்சுக்கிட்டேன். நமக்கெதுக்கு வம்பு?"

"ஆளைப் பாத்தா அடையாளம் தெரியுமா?"

"தாடி வெச்சிருந்தான். மூஞ்சியெல்லாம் எனக்கு மனசுல நிக்காது மேடம். யார் என்ன குடிப்பாங்கன்றது மட்டும்தான் நிக்கும். இருங்க, டீ கொண்டுவரேன்."

நான் பெருமூச்சு விட்டேன். தலை தப்பியது.

இரண்டு நிமிடத்தில் இரண்டு கிளாஸோடு வந்தார். மேடத்தின் முன்னால் ஒன்றை வைத்து, "உங்களுக்கு இனிப்பு எப்படின்னு தெரியல, சர்க்கரை தனியா இருக்கு," என்றார். என் முன்னால் இன்னொன்றை வைத்து, "ஆடை எடுத்தாச்சு, சர்க்கரை அரை," என்று சொல்லிவிட்டு அடுத்த மேஜையைத் துடைக்கப் போய்விட்டார். தான் என்ன சொன்னோம் என்பதே அந்த மனுஷனுக்கு உறைக்கவில்லை.

நான் இன்னும் ஒரு வார்த்தையும் கேட்டிருக்கவில்லை. ஆடை எடுத்து, அரைச் சர்க்கரையில்தான் நான் டீ குடிப்பேன்.

மேடம் தன் டீயில் சர்க்கரையைப் போட்டு, கலக்கினார். ரொம்ப நேரம் கலக்கினார். நான் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குடி, ஆறிடும்," என்றார் கடைசியில். "அப்புறம் ஆஸ்பத்திரி பஸ் ஏறுவோம்."

பஸ்ஸில் ஏறியதும் மேடம் பையிலிருந்து ஒரு வெற்றுத் தாளையும் அட்டையையும் எடுத்து என் மடியில் வைத்தார்.

"எண்ணு."

"நானா மேடம்?"

"நான் கண்ணாடி கொண்டு வரல." கண்ணாடி அவர் மூக்கின் மேலேயே இருந்தது.

எண்ணினேன். முதல் நிறுத்தத்தில் ஒன்பது பேர் ஏறினார்கள். ஒருத்தி இடுப்பில் குழந்தை. அதை ஒன்றாகச் சேர்ப்பதா விடுவதா? அடுத்த நிறுத்தத்தில் வாசலில் நின்ற இரண்டு பேர் மற்றவர்களுக்கு வழிவிடக் கீழே இறங்கி மறுபடி ஏறினார்கள். அவர்களை எண்ணிவிட்டேனா? அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. மூன்றாவது நிறுத்தத்தில், காலில் மாவுக்கட்டு போட்ட ஒரு மனிதர் படியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். படி அவர் முழங்காலுக்கு மேலே இருந்தது. கண்டக்டர் மேலிருந்து இழுக்க, மனைவி கீழிருந்து தள்ள, அரிசி மூட்டை ஏற்றுவது மாதிரி ஏற்றினார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் போய் உட்கார்ந்தார். "தினமும் இதே கூத்துதான்," என்றார் கண்டக்டர் பொதுவாக. "புது பஸ் வரும் வரும்னு ரெண்டு வருஷமா சொல்றாங்க."

ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இவரைத்தான் நான் 'ஒன்று' என்று எழுதியிருந்தேன். பார்க்காமலே.

"அடுத்தது பாலத்தடி," என்றார் மேடம்.

பாலத்தடியில் ஆறு பேர் ஏறினார்கள். பஸ் நகர்ந்தது. குனிந்து '6' என்று எழுத ஆரம்பித்தேன். தடால்! பள்ளிக்கூட வாசலில் இருந்த வேகத்தடையில் பஸ் ஏறிக் குதித்தது. பேனா வழுக்கி, ஆறுக்கு நீளமாக ஒரு வால் முளைத்தது.

நான் வாலையே பார்த்தேன். மேடம் ஜெராக்ஸ் தாள்களை அதன் பக்கத்தில் விரித்தார். திங்கள், பாலத்தடி, வால். செவ்வாய், பாலத்தடி, வால். ஆறு நாளும், ஒவ்வொரு நடையும், அதே வரிசையில் அதே வால்.

"ரூமுக்குள்ள வேகத்தடை கிடையாது," என்றார் மேடம். "இதை எழுதினவங்க இந்த பஸ்லதான் உக்காந்து எழுதியிருக்காங்க. ஆறு நாளும்."

அக்கா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிக் கிளம்பிய வாரம். வீங்கிய கால். எனக்கு எல்லாம் விளங்கியது. என் தாள்கள் பொய் என்று அந்த அம்மா அன்றைக்கே கண்டுபிடித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சொந்த லீவைப் போட்டுவிட்டு, தானே போய் எண்ணியிருக்கிறார். என் நம்பரில்.

முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். பெட்டிக்கடை போனது, சலூன் போனது, ஒரு சுவர் ரொம்ப நேரம் போனது.

"டிக்கெட்," என்றார் மேடம்.

சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி எடுக்காம விட்டது."

என் கை அந்தரத்தில் நின்றது.

"எப்ப தெரிஞ்சுது மேடம்?"

"அஞ்சு பேர் எங்க போனாங்கன்னு கேட்டேன். 'ஜன்னல் வழியா குதிச்சிருப்பாங்க'ன்னு நீ சொல்லியிருக்கணும். 'தெரியல'ன்னு சொன்னே. ஓட்டைவாய் மூடியிருந்தா உள்ளே ஏதோ இருக்குன்னு அர்த்தம். டீ வந்தப்போ நிச்சயமாச்சு. இப்ப ஜன்னலைப் பாத்தே பாரு, டிக்கெட் எடுக்காதவன் அத்தனை பேரும் அப்படித்தான் பாப்பான்."

"திட்டுங்க மேடம்."

"எதுக்கு? திட்டினா உனக்குப் பாரம் குறைஞ்சுடும்." அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தார். "இந்த வாலைக் காட்டினா எண்ணிக்கை உண்மைன்னு ஒத்துப்பாங்க. ஆனா ஏழாம் நம்பர் எழுத வேண்டியதை நீங்க ஏன் எழுதினீங்கன்னு அந்தம்மாவைக் கேப்பாங்க. அவங்க சொல்ல மாட்டாங்க. அந்த ஒரு பதிலுக்காக வேலை போயிடும்."

"அப்ப நான் என்ன பண்ணணும்?"

"நான் செக்கர். டிக்கெட் கேக்கறதோட என் வேலை முடிஞ்சுது."

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். என் தாளைக் கூட்டிப் பார்த்தேன். ஏறியவர்கள் அறுபத்தொன்று, இறங்கியவர்கள் ஐம்பத்தெட்டு. மூன்று பேரைக் காணவில்லை. ரப்பர் என்னிடம் இல்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போக்குவரத்து அலுவலகத்துக்குள் நுழைந்தோம். வராந்தா பெஞ்சில் தையல்காரர் உட்கார்ந்திருந்தார். "ஏழாம் நம்பர் கிடைச்சானா மேடம்?" என்று எழுந்து ஓடி வந்தார். "பாக்கலாம்," என்று மேடம் கதவைத் தள்ளினார். என்னைப் பார்த்து அவர் கும்பிட்டார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே நீளமான மேஜை. தலைப்பக்கம் தணிக்கை அதிகாரி, கையில் இரு பக்கமும் சீவிய பென்சில். எதிரே கிளார்க் அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்தார். நான் வாசலைத் தாண்டியதும் அவர் தலை நிமிர்ந்தது. தாடியை எடுத்ததெல்லாம் அவரை ஏமாற்றவில்லை. என்னைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்றுதான் திரும்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேடம் வால் கதையைப் பத்தே நிமிடத்தில் சொல்லி முடித்தார். சற்று முன் பஸ்ஸில் எழுதிய தாளை அதன் பக்கத்தில் வைத்தார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மாட்டி, ஆறு நாள் தாள்களையும் புரட்டி, பென்சிலால் ஒவ்வொரு வாலாகத் தொட்டுப் பார்த்தார்.

"கூட்டுத்தொகை இடிக்குதே?"

"நிஜமா எண்ணினா இடிக்கும் சார். இருபத்திரண்டு வருஷம் பஸ்ல தலை எண்ணியிருக்கேன், ஒரு நாளும் சரியா வந்ததில்லை."

"சரி. பஸ்ல எழுதினதுதான், ஒத்துக்கறேன்." அவர் கிளார்க் அம்மா பக்கம் திரும்பினார். "ஆனா இன்னொருத்தர் நம்பர்ல நீங்க ஏன் எழுதினீங்க? ஏழாம் நம்பர் எங்க?"

கிளார்க் அம்மா மேஜையைப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா. மூணாவது தடவை கேக்கறேன். பதில் இல்லைன்னா வேலை நீக்கம்னு எழுத வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்லை."

"எழுதிக்கோங்க சார்," என்றார் அந்த அம்மா மெதுவாக.

அதிகாரி பென்சிலைத் திருப்பிப் பிடித்தார். என் நாற்காலி கிறீச்சென்று பின்னால் போனது. எழுந்து நின்றது நான்தான் என்று எனக்கே அப்புறம்தான் தெரிந்தது.

"ஏழாம் நம்பர் நான்தான் சார்."

"நீங்க எதுக்கு தம்பி..." என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

"நான்தான் சார். நான் பஸ்லயே போகல. கேன்டீன்ல உக்காந்து எழுதினேன். எல்லாம் பொய்."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துப்பறியறவங்க கூட்டிட்டு வந்த ஆளு நீ. யார் வேணா எந்திரிச்சு நான்தான்னு சொல்லலாம். ஆதாரம் என்ன?"

என்னிடம் ஆதாரம் இல்லை. கிளார்க் அம்மா எழுந்தார். வெறுங்காலோடு பீரோவுக்கு நடந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்து மேஜையில் வைத்தார்.

என் தாள்கள். மடிப்பு இல்லை, கசங்கல் இல்லை. அச்சடித்த மாதிரி எழுத்து. ஒன்றில் டீ கிளாஸ் வைத்த வட்டக் கறை. இரண்டு வருடம் அவற்றைக் கிழித்துப்போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

"ஏறினவங்க இருநூத்தி நாப்பது," அதிகாரி சத்தமாகப் படித்தார். "இறங்கினவங்க இருநூத்தி நாப்பது. அடுத்த நாள் இருநூத்தி முப்பத்தாறு, இருநூத்தி முப்பத்தாறு. அடேங்கப்பா! ஒரு தலை கூடக் குறையல." பென்சில் கீழே இறங்கி ஓர் இடத்தில் நின்றது. "பழைய தபாலாபீஸ் நிறுத்தம், தினமும் பதினஞ்சு பேர். அம்மா, அந்த வாரம் பஸ் அந்தப் பக்கம் போச்சா?"

"இல்லை சார். சாக்கடை தோண்டிப் போட்டிருந்தாங்க. மூணு மாசம் பஸ் சுத்திக்கிட்டுத்தான் போச்சு. அதைப் பாத்துதான் எனக்குத் தெரிஞ்சுது."

மூலையில் நின்ற பியூன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். நானும் நல்ல ஜோக்குகள் சொல்லியிருக்கிறேன். ஓர் அறையே என்னைப் பார்த்துச் சிரிக்கும்படி அமைந்தது இதுதான். பஸ் போகாத ரோட்டில் தினமும் பதினைந்து பேரை ஏற்றியவன்.

"தெரிஞ்சதும் ஏன் புகார் பண்ணல?"

"விண்ணப்பம் அனுப்பப் பத்து நாள்தான் இருந்துது சார். ஒருத்தர் எழுதினது பொய்னு சொன்னா, அந்த ஏஜென்சி ஆளுங்க பன்னெண்டு பேரோட தாளையும் மேலிடத்துல தள்ளிடுவாங்க. பன்னெண்டு ரூட்டும் போயிடும். ஆறு நாள் லீவு இருந்துது, போட்டேன்."

"இவரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் சார். பஸ்ல போனீங்களான்னு கேட்டேன். போனேன்னு சொன்னாரு. சின்ன வயசு. அதுக்கு மேல ஒரு மனுஷரை எப்படி சார் கேக்கறது?"

கதவருகே சத்தம் கேட்டது. தையல்காரர் எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. "அதுக்கா கால் வீங்கிச்சு?" என்று மனைவியைப் பார்த்துக் கேட்டார். அந்த அம்மா தலையாட்டினார். அவர் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் வேற என்னென்னமோ நெனைச்சுட்டேன்," என்றார். உடனே வெளியே போய்விட்டார். அந்த அறையில் நான் ஒருவன் மட்டும் கூனிக் குறுகி நிற்கவில்லை என்பதில் எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவருடைய சந்தேகத்துக்கும் காரணம் நான்தானே.

அதிகாரி நிறைய எழுதினார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார்.

"எண்ணிக்கை உண்மை. நம்பர் மட்டும் பொய். உங்களுக்கு எழுத்து மூலமா ஒரு எச்சரிக்கை வரும், அவ்வளவுதான். ஆனா ஆஸ்பத்திரி ரூட்டை மறுபடி ஆறு நாள் எண்ணணும். என் ஆபீஸ் ஆள் ஒருத்தர் கூட உக்காருவாரு. ஒத்து வந்தா ரெண்டாம் பாதி மானியம் வரும், பஸ் வரும். யாரை அனுப்பறீங்க?"

"ஏழாம் நம்பர் போவாரு சார்," என்றார் கிளார்க் அம்மா.

"இவரா?" அதிகாரியின் குரல் உயர்ந்தது. "இவ்வளவுக்கு அப்புறமுமா?"

"அவர் ரூட்டு சார் அது."

மேடத்தைப் பார்த்தேன். மேடம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி தோளைக் குலுக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

கிளார்க் அம்மா மறுபடி பீரோவுக்குப் போய் ஒரு கட்டு புதுப் படிவமும் ஓர் அட்டையும் எடுத்து வந்தார். மேல் மூலையில் '7' என்று தானே எழுதி என் கையில் கொடுத்தார். கொடுத்தவர் கையை உடனே எடுக்கவில்லை.

"போன தடவை முதுகே போச்சுன்னு சொன்னீங்களே தம்பி. இந்தத் தடவை தாங்குமா?"

அந்த முகத்தில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். ஒரு துளி இருந்தால்கூட அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருப்பேன். இல்லவே இல்லை. என் முதுகைப் பற்றி நிஜமாகவே விசாரித்தார்.

தாங்கும் அக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"முதல் பஸ் காலைல அஞ்சரைக்கு," என்றார் செக்கர் மேடம் குடையை எடுத்தபடி. "வந்துடுவான்."